எழுதியவர் கீழே உட்கார்ந்து கேட்கட்டும்

சாக்ரமென்டோ, கலிபோர்னியா

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் அனைவரின் நலமும் அறிய ஆவல். அம்மாவின் முழங்கால் வலிக்கு வேலூரில் டாக்டர் என்ன சொன்னார் என்று தவறாமல் எழுதுங்கள்.

இங்கும் வெயில் குடியாத்தத்துக்குக் குறைந்ததில்லை. கோடையில் நாற்பது டிகிரியைத் தாண்டிவிடுகிறது. ஆனால் பொழுது சாய்ந்தால் டெல்டாப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்துவிடும். ஊரில் இரண்டு ஆறுகள். கோடையிலும் தண்ணீர் ஓடுகிறது. பாலாற்றை மணலாகவே பார்த்து வளர்ந்தவளுக்கு அது இன்னும் பழகவில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. இங்கே கதை வாசிக்கும் கூட்டம் ஒன்று நடக்கிறது. கதை எழுதியவர் இந்த வட்டாரத்துக்காரர், வாசிப்பவர் நாடக நடிகர். திருவண்ணாமலை பவா செல்லதுரை கதை சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவர் தன் சொற்களில், தன் நினைவுகளையும் சேர்த்துச் சொல்வார். அதன் அழகு தனி. இங்கே எழுதியதை எழுதியபடி, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் வாசிக்கிறார்கள். வேஷம் இல்லை, திரை இல்லை. பெரிய எழுத்தில் அச்சடித்த தாள்கள், அவற்றை வைக்க ஒரு தாங்கி, ஒரு மைக், அவ்வளவுதான். எங்கே மூச்சு விடுவது, எங்கே நிறுத்துவது என்று தாளில் பென்சிலால் குறித்துவைத்து ஒத்திகை பார்த்துவிட்டு வருகிறார்கள்.

கடைசியாகக் கேட்ட கதை, நெல் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஒரு கிழவரைப் பற்றியது. ஆமாம் அண்ணா, இந்தப் பள்ளத்தாக்கில் நெல் விளைகிறது! மகன் நிலத்தை விற்கச் சொல்கிறான். வாசித்தவர் ஓர் இளம்பெண். கிழவருக்காக அவர் குரலைக் கட்டையாக்கவில்லை. கிழவர் பேசும் இடங்களில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். எங்களுக்குக் கிழவர் தெரிந்துவிட்டார். மகன் கணக்குச் சொல்லும் ஒரு சாதாரண வரிக்கு அரங்கமே சிரித்தது. எழுதியவர் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தச் சிரிப்பை அவர் எதிர்பார்க்கவில்லை போலும், திரும்பி எங்கள் முகங்களைப் பார்த்தார். சிற்றிதழில் கதை வெளிவந்து, யார் படித்தார்கள் என்றே தெரியாமல் நீங்கள் இருக்கும் மாதங்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

இது பெரிய நகரங்களிலும் நடக்கிறது. நியூயார்க்கில் சிம்பனி ஸ்பேஸ் என்ற அரங்கில் 1985 முதல் நடிகர்கள் சிறுகதை வாசிக்கிறார்கள், வானொலியிலும் வருகிறது. லண்டனில் 2007-ல் தொடங்கிய லயர்ஸ் லீக் எழுத்தாளர்களிடம் கதை கேட்டு வாங்கி நடிகர்களை வாசிக்க வைக்கிறது. ஆனாலும் எனக்கு இந்த ஊர்க் கூட்டம்தான் பெரிது. கதையில் வரும் வாய்க்காலைக் கேட்பவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நம் ஊர்ப் புத்தக வெளியீடுகளை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை என்று மாலை முழுவதும் பேசுகிறார்கள். புத்தகத்திலிருந்து ஒரு பக்கம்கூட யாரும் வாசிப்பதில்லை. கதையைக் கேட்காமலே கதையைப் பற்றிக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

அதனால் நம் ஊரிலும் இப்படி ஒரு வாசிப்புக் கூட்டத்தை நீங்கள் தொடங்க வேண்டும் அண்ணா. நடிகருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் பக்கம் கூத்துக் கலைஞர்களுக்கா பஞ்சம்? பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் இரவு பத்து மணிக்கு, கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வந்தால் விடியும்வரை உட்கார வைக்கிறார்களே! அந்தக் குரலை மைக் முன்னால் சின்னதாக்கத் தெரிய வேண்டும், அதற்குத்தான் ஒத்திகை. மழை மாதங்களில் அவர்களுக்குக் கூத்து குறைவு, அப்போது கேளுங்கள். உள்ளூர் எழுத்தாளர் என்றால் குடியாத்தத்தோடு நிற்க வேண்டாம். 1989-ல் பிரிப்பதற்கு முன்பிருந்த வட ஆற்காடு முழுவதையும் நம் ஊராக வைத்துக்கொள்ளுங்கள்: பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ஆரணி, செய்யாறு, திருவண்ணாமலை. நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கேட்டால் இடம் தருவார்கள்.

முதலில் உங்கள் கதையைத்தான் வாசிக்க வேண்டும். கெங்கையம்மன் சிரசு ஊர்வலக் கூட்டத்தில் லுங்கித் தறிக்காரர் மகளைத் தேடி அலைகிற அந்தக் கதை. நீங்களே வாசிக்க வேண்டாம் அண்ணா. உங்களுக்கு மெல்லிய குரல், அழுத்தம் வர வேண்டிய இடத்தில் கூச்சப்பட்டு வேகமாகத் தாண்டிவிடுவீர்கள். இன்னொருவர் வாசிக்கும்போதுதான் எந்த வாக்கியம் நாக்கில் இடறுகிறது, எங்கே கூட்டம் நெளிகிறது என்று உங்களுக்கே தெரியும். தறிக்காரரும் அவர் மனைவியும் சண்டை போடும் பகுதியை அப்படியே நம் பக்கத்துப் பேச்சில் எழுதியிருக்கிறீர்கள். கண்ணால் படித்தபோதே எனக்குக் காதில் கேட்டது. அதை நல்ல குரலில் கேட்டால் அம்மாவுக்கும் பிடிக்கும். கண்ணாடி போட்டும் அவரால் இப்போது படிக்க முடிவதில்லையே.

ஒரு மாலைக்கு மூன்று கதை போதும், ஒவ்வொன்றும் கால் மணி அல்லது இருபது நிமிடம். கதைகளுக்கு நடுவே யாரும் பேச வேண்டாம். முடிந்த பிறகு கேட்டவர்கள் எழுதியவரிடம் பேசட்டும்.

மைக் வாடகை, டீ, கலைஞர்களுக்கான சம்பளம் எல்லாவற்றுக்கும் நான் பணம் அனுப்புகிறேன். அவர்களுக்குப் பொன்னாடையை மட்டும் போர்த்தி அனுப்பிவிட வேண்டாம், கையில் சம்பளம் கொடுக்க வேண்டும். யாரைக் கேட்டீர்கள், என்ன சொன்னார்கள் என்று உடனே பதில் எழுதுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை