ஸ்பான்சர் எல்லாம் வேண்டாம், வசந்தி

அன்புள்ள வசந்தி,

இத்தனை நாள் பதில் போடாததற்குத் திட்டுவாய். திட்டு. மீனா கல்யாணப் படங்கள் பார்த்தேன், எல்லாவற்றிலும் நீ போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். உன் வீட்டுக்காரர் முட்டிவலி பரவாயில்லையா? இங்கே எல்லோரும் நலம்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் லாண்டரிக்குப் புதிதாக ஆறு பேரை எடுத்திருக்கிறாய், எல்லோரும் புகலிடம் கேட்டு வந்தவர்கள், "நானே ஸ்பான்சர் பண்ணிடறேன்" என்று எழுதியிருந்தாய். படித்ததும் சிரிப்பு வந்தது. உனக்கு இன்னும் நாம் எச்1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்த காலத்து நினைப்பு. நமக்குக் கம்பெனி மனு போட்டது. நாமும் வாயைத் திறக்காமல் கிரீன் கார்டு வரிசையில் நின்று நரைத்தோம். புகலிட வழக்கு அப்படியில்லை. மனு அவர்களுடையது, நீ அதில் கையெழுத்துப் போட இடமே கிடையாது. நல்லவேளை என்றுதான் சொல்வேன். உன்னைவிட்டுப் போனாலும் அவர்கள் வழக்கு அவர்களோடு போகும்.

அப்படியானால் முதலாளிக்கு என்ன வேலை? நிறைய இருக்கிறது. போன மாதம் இங்கே நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பேக்கிங் பிரிவில் ஒரு பெண். எந்த நாடு என்று எழுத மாட்டேன், அது அவள் சொந்த விஷயம். புகலிட மனு நிலுவையில் இருக்கிறது. அதை வைத்து வாங்கிய ஒர்க் பெர்மிட் கார்டில்தான் வேலை. முன்பெல்லாம் பெர்மிட் தீர்வதற்குள் புதுப்பிக்க மனு போட்டுவிட்டால் போதும், அந்த ரசீதைக் காட்டி 540 நாள்வரை வேலையைத் தொடரலாம். 2025 அக்டோபர் 30 முதல் போடும் மனுக்களுக்கு அந்த நீட்டிப்பைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். இவள் மனு போட்டது டிசம்பரில். கார்டு தீர்ந்த அன்று புதியது வரவில்லை. மறுநாள் காலை அவளை உள்ளே விட முடியவில்லை, வசந்தி. ஒரு நாள்கூடத் தாமதமாக வராதவள். வாசலில் நின்று அதைச் சொன்னது நான்தான்.

எங்கள் பிளான்ட் மேனேஜர் கெட்டவர் இல்லை. "பாவம், கொஞ்ச நாள் ரொக்கமாகக் கொடுத்து வைத்துக்கொள்வோமே" என்றார். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பெர்மிட் இல்லாதவர் என்று தெரிந்தே வேலை வாங்குவது நமக்குக் குற்றம். அதோடு போகாது, நாளைக்கு அவள் கிரீன் கார்டு கேட்டுப் போகும்போது அந்த ரொக்கம் அவள் கழுத்துக்கே கயிறாகலாம். அந்த இரக்கம் வேண்டாம் என்றேன். பதிலுக்கு, சம்பளமில்லாத விடுப்பில் வைத்து அவள் இடத்தைக் காலியாக விடச் சொல்லிக் கேட்டேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒத்துக்கொண்டார்.

இதில் என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? கார்டு தீர 180 நாள் இருக்கும்போதே புதுப்பிக்க மனு போடலாம். எங்கள் கம்பெனியில் 90 நாள் இருக்கும்போது நினைவூட்டுவது வழக்கம். பழைய விதிக்கு அது போதும், இப்போது போதாது. அவளும் கட்டணத்துக்கும் வக்கீலுக்கும் பணம் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். கட்டணங்கள்வேறு ஏறிவிட்டன. ஒரு காசு வாங்காத புகலிட மனுவுக்கே 2025 ஜூலைச் சட்டம் 100 டாலர் வைத்தது, நிலுவையில் இருக்கும் ஒவ்வொரு வருஷமும் தனியாக இன்னொரு 100. இதற்கு வட்டியில்லாத கடன் கொடுப்பது ஒரு கம்பெனிக்குப் பெரிய தொகையா? புது ஆளைப் பிடித்துப் பழக்க ஆகும் செலவில் கால்வாசிகூட வராது என்று மேலிடத்தில் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். இன்னும் யோசிக்கிறார்களாம்.

உன் ஆறு பேருக்கும் கார்டு என்றைக்குத் தீர்கிறது என்று இன்றே ஒரு காலண்டரில் குறி. ஆனால் சீக்கிரம் தீருகிறதே என்று யாரையும் வேலைக்கு எடுக்காமல் இருக்காதே, அது சட்டவிரோதப் பாகுபாடாகலாம். வேலைக்குச் சேரும்போது வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவம் நிரப்பும்போது "கிரீன் கார்டு காட்டு" என்றும் கேட்காதே. படிவத்தோடு வரும் ஆவணப் பட்டியலில் இருப்பதில் எதைக் காட்டுவது என்பது அவர்கள் விருப்பம். புகலிடம் ஏற்கெனவே கிடைத்துவிட்டவருக்கு ஓட்டுநர் உரிமமும் வேலைக் கட்டுப்பாடு எதுவும் அச்சிடாத சோஷியல் செக்யூரிட்டி எண் கார்டும் போதும், அப்புறம் மறுபரிசோதனையே தேவையில்லை. இதுகூடத் தெரியாமல் எத்தனை எச்.ஆர். ஆட்கள் ஜனங்களை அலைக்கழிக்கிறார்கள்!

அடுத்தது விடுப்பு. குடிவரவு நீதிமன்றத் தேதியைத் தவறவிட்டால், ஆள் வராமலேயே நாடு கடத்தும் உத்தரவு போட்டுவிடலாம். கைரேகைக்குக் கூப்பிடும் தேதியும் நம் ஷிஃப்டைப் பார்த்து வராது. உன் லாண்டரியில் வராத நாளுக்குப் புள்ளி கழிக்கும் அந்த ராட்சச முறை இன்னும் இருக்கிறதா? இந்த நாட்களை அதிலிருந்து எடுத்துவிடு. வக்கீலுக்குக் கம்பெனி பணம் கொடுப்பது நல்லதுதான், ஆனால் வக்கீல் அவர்களுடையவராக இருக்க வேண்டும். வழக்கில் என்ன நடக்கிறது என்று உன்னிடம் வந்து ஒப்பிப்பவர் வேண்டாம். வக்கீலாக இல்லாமல் வெறும் நோட்டரி போர்டு போட்டுக்கொண்டு குடிவரவுக் காகிதம் நிரப்பித் தருகிறேன் என்பவர்கள் பக்கம் யாரையும் அனுப்பவே அனுப்பாதே.

இனி சொல்லப்போவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி குடும்பக் கதையைக் கேட்டே அழுகிறவள் நீ. இவர்களிடம் "ஊரில் என்ன நடந்தது" என்று கேட்காதே. சம்பளம் கொடுப்பவள் கேட்டால் மறுக்க முடியாமல் சொல்லிவிடுவார்கள். அது விசாரிப்பு இல்லை, வற்புறுத்தல். நற்சான்று கேட்டால் என்ன வேலை, எப்போதிலிருந்து, ஆள் எப்படி என்று உனக்குத் தெரிந்ததை மட்டும் எழுது. அங்கே நடந்ததற்கு நீ சாட்சி இல்லை.

சோபானி தயிர் கம்பெனி ஹம்டி உலுகாயாவைப் பற்றி நீதானே ஒருமுறை உருகி உருகிப் பேசினாய்? நியூயார்க் மாநிலத்து ஆலையில் அகதிகளுக்கு வேலை கொடுத்தபோது அந்த மனிதர் பஸ் ஏற்பாடு செய்தார், மொழிபெயர்ப்பாளர்களை வைத்தார். 2016இல் இதற்கென்றே டென்ட் என்று ஓர் அமைப்பைத் தொடங்கி மற்ற கம்பெனிகளையும் இழுத்தார். பஸ், மொழி என்று ஆரம்பித்த அந்த இடம் எனக்குப் பிடிக்கும்.

உன் ஆறு பேரில் டி.பி.எஸ். என்ற தற்காலிகப் பாதுகாப்பு அந்தஸ்து வைத்திருப்பவர் யாராவது உண்டா என்று கார்டைப் பார்த்துச் சொல். அது நாடு நாடாக அரசு அறிவிப்பது, ஒரு தடவைக்கு அதிகபட்சம் 18 மாதம். நீட்டித்தாலும் நிறுத்தினாலும் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில் அறிவிப்பு வரும், கார்டில் உள்ள தேதியை மட்டும் நம்பி யாரையும் அனுப்பிவிடாதே. வெனிசுவேலாக்காரர்களுக்கு 2025இல் அதை ரத்து செய்தார்கள், உச்ச நீதிமன்றமும் தடுக்கவில்லை. ஒரே வாரத்தில் பாதி ஷிஃப்டை இழந்த முதலாளிகள் எனக்குத் தெரியும்.

எங்கள் பெண்ணுக்கு இன்னும் கார்டு வரவில்லை. மேனேஜர் கொடுத்த கெடு இந்த மாதக் கடைசி, அதை நீட்டிக்க மறுபடி சண்டை போட வேண்டும். நீ இதையெல்லாம் படித்ததும் எனக்குப் போன் பண்ணு. சனிக்கிழமை மட்டும் வேண்டாம், பாலாவின் அம்மா வருகிறார், உனக்கே தெரியும்.

அன்புடன்,
சுமதி