ஆங்கிலப் பாடத்திட்டக் குழுவினருக்கு: பக்கத்துத் துறையின் கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்கள்

தமிழகப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். பி.ஏ. ஆங்கில இலக்கியம் முடித்துவிட்டு எம்.ஏ.வுக்குச் சமூகவியல் பக்கம் போனவள் நான். "ஏம்மா இப்படி ட்ராக் மாறுற" என்று கேட்காத ஆளில்லை. நான் ட்ராக் மாறவே இல்லை என்பதுதான் என் கட்சி. இரண்டையும் ஒரே பட்டமாகப் படிக்க வழி செய்யுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஆங்கில மாணவர்களுக்கு 'சோஷியல் ஹிஸ்டரி ஆஃப் இங்கிலாந்து' என்று ஓர் அலைடு பேப்பர் (துணைப்பாடம்) காலம்காலமாக இருக்கிறது. டியூடர் காலம், பியூரிட்டன்கள், தொழிற்புரட்சி, 1832 சீர்திருத்தச் சட்டம் என்று போகும். ஆக, இலக்கியம் புரிய வேண்டுமென்றால் சமூகம் தெரிந்திருக்க வேண்டும் என்பதை நீங்களே எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், எந்தச் சமூகம், அதை எப்படிப் படிப்பது என்பதில்தான் தகராறு. இங்கிலாந்தில் ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைப் பண்ணையார்கள் வேலி போட்டு வளைத்ததைப் பற்றி ஐந்து மார்க் கேள்விக்கு மனப்பாடமாக எழுதுகிற பிள்ளைக்கு, தன் ஊர் மேய்ச்சல் புறம்போக்கு யார் கையில் இருக்கிறது, எப்படிப் போனது என்று விசாரிக்கத் தோன்றுவதே இல்லை. தோன்றும்படி அந்தப் பேப்பர் எழுதப்படவும் இல்லை. விக்டோரியா காலத்து நாவலைப் படிக்க 1834 ஏழைகள் சட்டம் தெரிய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் சாதி, வர்க்கம், குடும்பம், சடங்கு ஆகியவற்றைப் பிரித்துப் பார்க்கிற கருவிகளைக் கையில் கொடுக்காமல் தேதிகளை மட்டும் கொடுத்து என்ன பயன்?

இது புதுசும் இல்லை. 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி ஆய்வு செய்யச் சொன்னார். இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான் எல்லாம் அப்படித்தான் 1918-ல் புத்தகத்தில் ஏறின. அதற்கு அப்புறம் 1950களின் தொடக்கத்தில் கேத்லீன் கஃப், 1960களின் தொடக்கத்தில் ஆந்த்ரே பெத்தேய் என்று இரண்டு சமூக ஆய்வாளர்கள் தஞ்சாவூர்க் கிராமங்களில் தங்கி, ஊர்ப் பெயரை மாற்றி வைத்து, அக்கிரகாரம் முதல் சேரி வரை விரிவாக ஆங்கிலத்தில் எழுதி வைத்தார்கள். இன்று அதே தஞ்சாவூரிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு சமூகவியல் சேரும் மாணவரால் தன் ஊரைப் பற்றிய அந்த ஆங்கிலத்தைத் தாண்ட முடியவில்லை. நோட்ஸ் வாங்கித்தான் பாஸ் ஆகிறார். அங்கே ஆங்கிலம் இல்லை, இங்கே சமூகவியல் இல்லை, நடுவில் ஒரு சுவர்.

சுவரைத் தாண்டியவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு ஸ்டுவர்ட் ஹால் போதும். ஜமைக்காவிலிருந்து 1951-ல் ஆக்ஸ்ஃபோர்டு போய் ஆங்கிலம் படித்தவர். 1964-ல் ரிச்சர்ட் ஹோகார்ட் என்ற ஆங்கிலப் பேராசிரியர் பர்மிங்காமில் தொடங்கிய பண்பாட்டு ஆய்வு மையத்துக்குப் போய், பிறகு அதை நடத்தி, 1979-ல் ஓப்பன் யூனிவர்சிட்டியில் சமூகவியல் பேராசிரியரானார். சமூகவியலில் பட்டம் இருக்கிறதா என்று வாசலில் நிறுத்தியிருந்தால் கதை வேறு. (பர்மிங்காம் அந்தத் துறையை 2002-ல் மூடிவிட்டது, அது தனி வயிற்றெரிச்சல்.)

"அதான் 2022 முதல் ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாமென்று யுஜிசியே (பல்கலைக்கழக மானியக் குழு) சொல்லிவிட்டதே" என்பீர்கள். இரண்டு ஃபீஸ், இரண்டு தேர்வு அட்டவணை, ஒன்றோடொன்று பேசாத இரண்டு பாடத்திட்டம். யாருக்கு வேண்டும் அது?

உண்மையான தடை எதுவென்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரியும்: வொர்க்லோடு. அலைடு மணிநேரத்தை இன்னொரு துறைக்கு விட்டால் நம் போஸ்டிங் போய்விடுமோ என்ற பயம். நியாயமான பயம்தான், அதைத் திட்டவில்லை. ஆனால் கூட்டுப் பட்டத்தில் சமூகவியல் மாணவருக்கும் நீங்கள்தானே ஆங்கிலம் எடுக்கப்போகிறீர்கள், மணிநேரம் எங்கே குறைகிறது? பல கல்லூரிகளில் சமூகவியல் துறையே கிடையாது என்பது பெரிய சிக்கல்தான். இருக்கிற கல்லூரிகளிலாவது தொடங்கலாம்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பட்டத்தை அறிவிப்பதற்கு முன்னால் ஈக்விவலன்ஸை முடித்துவிடுங்கள். பெயரில் ஒரு வார்த்தை கூடிவிட்டால், "இது பி.ஏ. ஆங்கிலத்துக்கு இணையானதா" என்று பி.எட். சேரும்போதும், டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) சான்றிதழ் சரிபார்ப்பிலும் பிள்ளைகள் அரசாணையைத் தேடி அலைகிறார்கள். இரண்டு பாடத்துக்கும் இணை என்று அரசாணையைக் கையில் வாங்கிவிட்டு, அப்புறம் அட்மிஷன் போடுங்கள். கடைசி வருடத்தில் ஒரு செமஸ்டரைக் களப்பணிக்கு விடுங்கள், அறிக்கையை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத வையுங்கள், அந்தந்த ஊர் நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மாணவி ஒருத்தி