போட்டோவைச் சுருக்க முகம் தெரியாத தளம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சைதாப்பேட்டையில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஆன்லைன் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கினால் கடையில் நிற்க இடமிருக்காது. வருகிற பிள்ளைகளுக்கு ஒரே தலைவலி: போட்டோ 50 கேபிக்குள் கேட்கிறார்கள், போனில் எடுத்ததோ 4 எம்பி. உடனே கூகுளில் தேடி, முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் போட்டோ, கையெழுத்து, சாதிச் சான்றிதழ், ஆதார் வரை ஏற்றிவிடுகிறார்கள். அது எந்த ஊர் சர்வரில் போய் உட்காருகிறது, எப்போது அழிகிறது, யாருக்குத் தெரியும்? பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது.

இந்த வேலைக்கு இணையமே வேண்டாம். இமேஜ்மேஜிக், ஜேபெக்ஆப்டிம் என்று இரண்டு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பட்டன் எதுவும் இருக்காது, டெர்மினல் என்கிற, எழுத்தில் கட்டளை கொடுக்கும் திரையில் கட்டளை தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஃபோல்டரில் 200 படம் இருந்தாலும் ஒரே வரிதான். முதலில் இமேஜ்மேஜிக்கின் மோக்ரிஃபை கட்டளையால் நீள அகலத்தைக் குறையுங்கள், ஏனென்றால் 4000 பிக்சல் படத்தை அப்படியே 45 கேபிக்கு அமுக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அப்புறம் ஜேபெக்ஆப்டிமிடம் 45 கேபி என்று சொன்னால், அதற்கேற்ற தரத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். போனில் லொகேஷன் ஆனில் இருந்திருந்தால் படத்துக்குள் வீட்டின் இடமே பதிவாகியிருக்கும். அதையும் நீக்கச் சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். வேறு ஃபோல்டர் குறிப்பிடாவிட்டால் இரண்டுமே அசல் படத்தின் மேலேயே எழுதிவிடும். போன வருடம் ஒரு பள்ளியின் அடையாள அட்டைப் படங்களை அப்படித்தான் இழந்தேன், பிள்ளைகளை மறுபடி வரிசையில் நிற்கவைத்து எடுக்க வேண்டியதாயிற்று. முதலில் நகல் எடுத்துவையுங்கள்.

அரசு தந்த இலவச லேப்டாப்கள் பலவற்றில், விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான பாஸ் லினக்ஸ் இருந்தது, அதை உருவாக்கியதே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம்தான். இந்த இரண்டு மென்பொருள்களும் லினக்ஸில் ஓடும். ஆனால் அதைத் திறந்துகூடப் பார்க்காத மாணவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ கணினி வகுப்பில் இதற்காக ஒரே ஒரு பீரியட் ஒதுக்கும்படி பள்ளிக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். இ-சேவை மையங்களும் சொல்லித் தரலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாராக இருந்தாலும் மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்கு வரட்டும், காசு வாங்காமல் சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகர்,
சைதாப்பேட்டை, சென்னை