திரும்பிப் பார்க்காமல் ஏறி வா என்றார்கள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று அண்ணன் சொன்னான். என்னிடம் நீ பேசி ஒன்பது நாள் ஆகிறது. போனில் ஆரம்பித்தால் எனக்கு அழுகை முந்திக்கொள்ளும், சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பாவின் தலைத்திவசத்தன்று தாமிரபரணியில் பாபநாசம் படித்துறையில் நடந்தது அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. அண்ணன் முங்கி எழுந்ததும் அத்தை பையிலிருந்து அப்பாவின் வேட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் ஆற்றில் விட்டான். "திரும்பிப் பார்க்காம ஏறி வாங்க" என்றார் சடங்கு செய்தவர். நாங்கள் எல்லாரும் அப்படியே ஏறினோம். நீ மட்டும் திரும்பிப் பார்த்தாய். சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வேட்டியை எட்டிப் பிடித்தாய். அதோடு சேர்ந்து யார் வீட்டுச் சேலையோ ஒன்று, பச்சை நிறம், பாசி பிடித்து வழுவழுவென்று, பாதி மணலுக்குள் புதைந்து கிடந்தது. நீ இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அதன் மடிப்புக்குள் ஷாம்பு பாக்கெட்டுகள், ஒரு சின்னக் குழந்தையின் சட்டை. அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். நீ என்னைப் பார்த்து, "எல்லாருக்கும் தெரியுதே, துணி விடாதீங்கன்னு போர்டு வச்சிருக்கே, தெரிஞ்சும் ஏம்மா மாற மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறக்கவில்லை.

உனக்கு எதிராக நின்றேன் என்று நினைத்துவிட்டாய் தாயி. அந்த நிமிஷம் எனக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒன்பது நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் ஆச்சி காலத்திலும் ஆற்றில் துணி விட்டார்கள். அது வீரவநல்லூர்த் தறியில் நெய்த பருத்தி வேட்டி. தண்ணீரில் கிடந்தால் கொஞ்ச நாளில் இற்றுப்போகும். அதற்குள் கீழ்த்துறையில் இல்லாதவர்கள் யாராவது எடுத்து உடுத்திக்கொள்வார்கள். மாட்டு வண்டி கட்டி அமாவாசைக்கு வந்த கூட்டமும் கொஞ்சம்தான். இன்றைக்கு தினமும் வேனிலும் பஸ்ஸிலும் வருகிறார்கள், விடுகிற துணியோ பாலியஸ்டர். டன் கணக்கில் அள்ளுகிறார்கள், அள்ளி முடிப்பதற்குள் மறுபடி சேர்ந்துவிடுகிறது. அத்தை செய்தது அவள் அம்மா செய்ததைத்தான். கை பழைய கை. கையில் இருக்கிற பொருள் மாறிவிட்டது, கைக்கு அது இன்னும் தெரியவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் சாப்பிட்ட வாழை இலையைக் கொல்லைப்புறம் வீசுவோம், மாடு தின்னும். மிச்சமெல்லாம் குப்பைக்குழிக்குப் போகும், தை கழிந்ததும் வண்டியில் அள்ளி வயலுக்கு அடிப்பார்கள். கருப்பட்டி ஓலைப்பெட்டியில் வரும். பதநீரை ஓலைப் பட்டையில் குடித்துவிட்டுப் பட்டையை அங்கேயே போட்டுவிட்டு வருவோம். அந்த ஊரில் வீசி எறிவது குற்றமே இல்லை, மண்ணுக்கு நாம் செய்கிற உபகாரம். அப்படி வளர்ந்த எங்களிடம் ஒருநாள் பாலிதீன் கவரைக் கொடுத்தார்கள். நாங்களும் இலையை வீசின மாதிரியே அதையும் வீசினோம். நாற்பது வருஷம் ஆகியும் அந்தக் கை நிற்கவில்லை.

ஆனால் தெரிந்த பிறகும் ஏன் மாறவில்லை என்பதுதானே உன் கேள்வி. அதற்கு அப்பாவின் கதையைச் சொல்ல வேண்டும். அந்தச் சமயம் நீ பெங்களூரில் இருந்தாய், உனக்கு முழுசாகத் தெரியாது.

2019 ஜனவரி 1 முதல் கவர், பிளாஸ்டிக் கப் எல்லாம் கூடாது என்று அரசாங்கம் சொன்னதே, அன்றைக்கே அப்பா கடையில் இருந்த கவர்க் கட்டுகளை எடுத்து மச்சில் போட்டுவிட்டார். அவருக்கு அதில் சந்தோஷம்தான். விட்டத்திலிருந்து நூல் உருண்டையை மறுபடி தொங்கவிட்டார். பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, அரைக் கிலோ சீனியைக் கொட்டி, வாயை மூன்று மடிப்பு மடித்து, நூலை இரண்டு சுற்று சுற்றி, விரலில் வளைத்துச் சுண்டி அறுப்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் பொட்டலம் கையில் இருக்கும். அண்ணனுக்கு அது வரவே இல்லை. அவன் கட்டினால் வாசல் தாண்டுவதற்குள் சீனி கொட்டும். கடைப் பையனுக்கும் வரவில்லை. நம் அப்பா காலத்தில் எல்லாக் கடையிலும் இருந்த ஒரு கைப்பழக்கம், ஒரே தலைமுறையில் போய்விட்டது. ஓலைப்பெட்டிக்கு ஆள் தேடி அலைந்தார். முடைகிற பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது, மகள் பீடி சுற்றப் போய்விட்டாள். பனையேறவும் ஆள் குறைந்துவிட்டார்கள். பழைய பொருளுக்குத் திரும்பிப் போ என்று சொல்வது சுலபம். அதைச் செய்கிற ஆட்களையும் நாம் சேர்த்தே தொலைத்திருக்கிறோம்.

அப்புறம் வாடிக்கைக்காரர்கள். சாயங்காலம் வேலை முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கி வருவாள் ஒருத்தி. இடுப்பில் பிள்ளை, வெளியே தூறல். "அண்ணாச்சி, ஒரு கவர் குடுங்க." இல்லை என்றால் கோபப்பட மாட்டாள். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போவாள். அங்கே கவர் இருந்தது. கவரை மொத்தமாக விற்கிற கடையும் திறந்துதான் இருந்தது. காலையில் ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவள் சாயங்காலம் வாங்கப்போகிற எண்ணெய்க்கு இப்போதே தூக்குவாளியையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அவளை எப்படிக் குறை சொல்வது? அப்பாவும் சொல்லவில்லை. மூன்று மாசம் தாங்கினார். மளிகைச் சரக்கு எடுத்த கடனைக் கட்ட முடியாமல் போன அன்றைக்கு, ராத்திரி கடை சாத்தின பிறகு, ஏணி போட்டு மச்சில் ஏறிக் கவர்க் கட்டை அவரே இறக்கினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. ஊர்க் கடைகள் எல்லாம் ஒரே நாளில் நிறுத்தியிருந்தால் அவர் தோற்றிருக்க மாட்டார் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். தனியாக நின்றதால்தான் தோற்றார்.

அதிலும் ஒன்று. நம் கவரைத்தான் தடை செய்தார்கள். பிஸ்கட், சிப்ஸ் என்று கம்பெனியிலிருந்தே அடைத்து வருகிற பாக்கெட்டுக்கு அந்த வருஷம் விலக்கு இருந்தது. கடை முன்னால் சரம் சரமாகத் தொங்குகிற ஷாம்புவைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பாட்டில் வாங்க வழியில்லாத பீடிக்காரப் பெண்கள் சில்லறைக் காசில் வாசமாகத் தலை குளித்தது அதனால்தான். அவர்கள் அதை விட வேண்டுமென்றால் அதே விலையில் வேறொன்று கையில் கிடைக்க வேண்டும். இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

மானத்தையும் சொல்ல வேண்டும். மஞ்சப்பை தூக்கினவனைப் பட்டிக்காட்டான் என்று எத்தனை வருஷம் சிரித்தார்கள்! நீயே காலேஜ் போகும்போது அதில் சாப்பாடு கொண்டுபோக மாட்டேன் என்று அழுதாய். உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை, அந்த வயசில் யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே கொண்டுவந்தபோது அப்பாவுக்கு அவ்வளவு நிம்மதி. ஆனாலும் ஒரு பொருளின் மேல் ஏறின வெட்கம் உத்தரவு போட்டதும் இறங்கிவிடாது.

அப்புறம் வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளம். தண்ணீர் வடிந்ததும் அப்பாவும் நானும் அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே இருக்கிற பாலம் வரைக்கும் நடந்து போனோம். கரையில் இருந்த மருத மரங்களில் ஆள் உயரத்துக்கு மேலே, கிளைக்குக் கிளை, கவரும் துணியும் தொங்கின. காற்றுக்குச் சடசடவென்று சத்தம். அப்பா ரொம்ப நேரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி நின்றார். "இதுல நம்ம கடைக் கவர் எத்தனை இருக்கும்?" என்றார். நம் கவரில் பேர் அச்சடித்ததில்லை, அதனால் யாராலும் சொல்ல முடியாது. நாம் விடுவது நம் கண்ணை விட்டுப் போய்விடுகிறது. கீழே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் எங்கேயாவது போய் மாட்டும். அங்கே கீழ்க்கரையில் இருப்பவர்கள் குடிக்கிறதும் இதே தண்ணீர்தான். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேர்கிற வரைக்கும் தாமிரபரணி நம் சீமைக்குள்ளேயேதான் ஓடுகிறது. வேற்றூர்க்காரர்கள் மேல் பழி போட முடியாது.

என் பிறந்த ஊர்ப் பக்கம் கூந்தன்குளம் இருக்கிறதே, சின்ன வயசில் உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். 1994-இல் சரணாலயம் என்று அறிவிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைப் பார்த்துக்கொண்டார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்க மாட்டார்கள். வீட்டு மரத்தில் கூடு கட்டினால் விரட்ட மாட்டார்கள். எச்சம் வாசலில் விழுந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். அவர்கள் நம்மைவிட நல்லவர்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். பறவை எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் அவர்கள் வயலுக்கே உரமாகப் பாய்கிறது. செய்ததன் பலன் வேறெங்கும் போகாமல் அவர்கள் கண் முன்னாலேயே திரும்பி வருகிறது. நமக்கோ திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை அத்தை கடைக்கு வந்தாள். உன்மேல் கோபத்தோடுதான் வந்தாள். நான் ஒன்றும் பேசாமல், நீ எடுத்து வந்த வேட்டியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். துவைத்துக் காயப்போட்ட பிறகும் ஓரத்து மடிப்பில் மணல் இருந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்தாள். "என் அண்ணன் மேல கெடந்த துணி மதினி. இத அந்தச் சகதியில போடவா நான் கொண்டாந்தேன்?" என்று கேட்டுவிட்டு அழுதாள். இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்கு ஆற்றில் துணி விட்டிருக்கிறாள், அது எங்கே போய்க் கிடக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சடங்கில் வஸ்திரம் இல்லாத இடத்தில் நூல் வைத்துக் கொடுப்பது உண்டே, இந்த வேட்டியிலிருந்து ஒரே ஒரு நூலை உருவி ஆற்றில் விட்டால் ஆகாதா என்று அவளேதான் கேட்டாள். மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் பாபநாசம் போய்ச் சடங்கு செய்தவரிடம் கேட்டோம். தாராளமாக விடலாம் என்றார்.

ஆடி அமாவாசைக்குப் போவதாக இருக்கிறோம். நீ முதல் நாள் ராத்திரி பஸ்ஸுக்கே ஏறிவிடு. அண்ணன் அம்பாசமுத்திரத்தில் வந்து கூட்டிக்கொள்வான். வேட்டியை உன் பழைய பீரோவில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். எனக்கும் அத்தைக்கும் கண் சரியாகத் தெரியவில்லை, நெசவு நெருக்கமாக இருக்கிறது. ஓரத்திலிருந்து நூலை அறுபடாமல் நீதான் உருவிக் கொடுக்க வேண்டும்.

அம்மா