பெட்டிக்குள் ஒரு மனசு

ஆசிரியருக்கு,

மனம் நொந்திருக்கும் பிள்ளையிடம் ‘என்ன ஆச்சு, சொல்லு’ என்றால் பெரும்பாலும் வாய் திறக்காது. ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கொடுத்து, பிடித்ததைச் சேர்த்துவரச் சொல்லுங்கள். பொத்தான், இறகு, உடைந்த சாவி என்று ஏதாவது வரும். எதை நடுவில் வைப்பது, எதை மறைத்து வைப்பது என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு. எதுவுமே தன் கையில் இல்லை என்று தவிக்கும் பிள்ளைக்கு அது பெரிய விஷயம்.

அமெரிக்கக் கலைஞர் ஜோசஃப் கார்னெல் இப்படிச் சேகரித்த பொருட்களைப் பெட்டிகளில் அடுக்கியே கலை படைத்தார். 1972இல் குழந்தைகளுக்காக நடந்த அவரது கண்காட்சியில் பெட்டிகளைக் குழந்தைகளின் உயரத்திலேயே வைத்தார்கள்.

பள்ளிகள் வாரம் ஒரு பாடவேளையாவது இதற்கு ஒதுக்க வேண்டும். மதிப்பெண் வேண்டவே வேண்டாம். அப்புறம், பிள்ளையைக் கேட்காமல் எதையும் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

— ஓர் ஆசிரியை