சேலம் – தூத்துக்குடி 25 நிமிடமா?

விமான தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் கணக்குப் போட்டுக் காட்டும் இணையதளங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். பல்லாவரத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு எவ்வளவு நேரம் என்று உங்களிடம் கேட்டால் 340 கிலோமீட்டர், 25 நிமிடம் என்கிறீர்கள். உங்களில் கொஞ்சம் தாராளமானவர்கள் 55 நிமிடம் என்கிறீர்கள். அதை நம்பி, "இதுலயே போட்டுடுங்க சார்" என்று போனை நீட்டுபவர்களுக்குப் பதில் சொல்வது என் தலையில் விழுந்திருக்கிறது.

தூரத்தில் தப்பில்லை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையமும், வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையமும் கிட்டத்தட்ட ஒரே தீர்க்கரேகையில், நேர் வடக்கு தெற்காக இருப்பவை. 340 கிலோமீட்டரை ஜெட் வேகமான மணிக்கு 800 கிலோமீட்டரால் வகுத்தால் 25 நிமிடம். ஏற, இறங்க அரை மணி சேர்த்தால் 55. கணக்கு சரி, நேரடி விமானம்தான் கிடையாது.

சென்னை வழியாகப் போனால் சேலம் – சென்னை சுமார் 265 கிலோமீட்டர், சென்னை – தூத்துக்குடி சுமார் 530. ஆக, 795. தெற்கே போக வேண்டியவர் வடகிழக்கே மீனம்பாக்கம் வந்து திரும்புகிறார். அதுவும் ஜெட் வேகத்தில் இல்லை. இந்தத் தடங்களில் பறந்து பழகியது ஏடிஆர் 72 என்ற சுழல்விசிறி விமானம், மணிக்கு 500 கிலோமீட்டர் போனாலே அதிகம். தூத்துக்குடியின் ஓடுபாதை வெகுகாலம் 1,350 மீட்டர்தான், பெரிய ஜெட் இறங்க அது போதாது. அதை 3,000 மீட்டருக்கு மேல் நீட்டி, புது முனையத்தையும் 2025 ஜூலையில் திறந்தார்கள். நீங்கள் மட்டும் அதற்கு முன்பிருந்தே அங்கே ஜெட் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

டிக்கெட்டில் அச்சாகும் நேரம் வேறு சங்கதி. நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்த நொடி முதல் போய் நின்ற நொடி வரை அது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், வரிசையில் காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். சென்னையில் காற்று மேற்கிலிருந்து அடிக்கும் நாட்களில் தென்மேற்கே சேலத்திலிருந்து வரும் விமானம் நேராக இறங்க முடியாது. கடல் பக்கம் போய்த் திரும்பி, ஊருக்கு மேலாக மேற்கு நோக்கி இறங்க வேண்டும். அதனால்தான் 265 கிலோமீட்டருக்கே ஒரு மணி நேரம் போடுகிறார்கள். சென்னையில் அடுத்த விமானத்துக்குக் காத்திருப்பதையும் சேர்த்தால் பாதி நாள் போயே போச்சு.

காரில் மதுரை வழியாக ஏறக்குறைய 380 கிலோமீட்டர். மைசூர் – தூத்துக்குடி ரயிலும் சேலம் வழியாகத்தான் போகிறது. பல பேருக்கு நான் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன், எனக்குக் கமிஷன் குறைந்தாலும்.

நேரடி விமானம் இல்லாத ஊர்களுக்கு நிமிடக் கணக்கு காட்டாதீர்கள். காட்டியே தீர வேண்டுமென்றால் "நேரடி விமானம் இல்லை" என்று அதே அளவு எழுத்தில், அதற்கு மேலேயே போடுங்கள். வேகத்தை விமானத்துக்குத் தக்கபடி மாற்றுங்கள். அப்புறம் அந்த மைல் கணக்கு: 340 கிலோமீட்டர் சாதா மைலில் 211, கடல் மைலில் 184. எது என்று சொல்லாமல் வெறுமனே 'மைல்' என்று போடுவதையும் நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
பல்லாவரம் டிக்கெட் கடைக்காரர்