கொதிக்க வைத்தால் காரீயம் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கொதித்தாறிய நீரைக் குடியுங்கள் என்று கிளினிக்கிலும் பாடசாலையிலும் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். கிருமிக்கு அது சரி. ஆனால் தண்ணீரில் காரீயம் (லெட்) என்ற நச்சு உலோகம் கரைந்திருந்தால் கொதிக்க வைத்துப் பயனில்லை, ஆவி போகப் போக மிஞ்சும் தண்ணீரில் அது கூடத்தான் செய்யும்.

கொட்டாஞ்சேனையில் எங்களுடையது தாத்தா காலத்து வீடு. போன மாதம் குசினிச் சுவரை உடைத்தபோது உள்ளே மங்கிய சாம்பல் நிறத்தில் ஒரு பழைய குழாய். இரும்புதான் என்றார் மேசன் பாஸ். எனக்கு மனம் கேட்கவில்லை, சாவியால் சுரண்டினேன், இலகுவாகச் சுரண்டுப்பட்டு வெள்ளிபோல் மின்னியது. காந்தத்தை வைத்தால் ஒட்டவே இல்லை, இரும்பென்றால் பிடித்திருக்கும். இவை காரீயக் குழாயின் அடையாளங்கள். அந்தக் குழாயில் வந்த தண்ணீரில்தான் ஏழு மாதமாகப் பேத்திக்குப் பால்மா கரைத்தோம். நினைத்தால் வயிறு பிசைகிறது. வளரும் மூளையைத்தான் காரீயம் முதலில் கெடுக்கிறது, நிறமோ மணமோ சுவையோ காட்டுவதுமில்லை.

காரீயக் குழாய் இல்லாத வீட்டுக்காரரும் நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். பித்தளை டெப், செப்புக் குழாய்களை உருக்கி ஒட்டும் பற்றாசு, ஏன் சில பிவிசி குழாய்களில்கூட காரீயம் கலந்திருக்கும். இரவு முழுக்கத் தேங்கி நிற்கும் தண்ணீரில் அது கரைகிறது, சுடுதண்ணீரில் இன்னும் வேகமாக. அதனால் காலையில் வரும் முதல் தண்ணீரைச் செடிக்கு விடுங்கள், சமையலுக்குக் கீசர் தண்ணீர் எடுக்காதீர்கள், டெப் வாயில் இருக்கும் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

சந்தேகம் தீர ஆய்வுகூடப் பரிசோதனைதான் ஒரே வழி. ஆறு மணித்தியாலமாவது திறக்காத டெப்பிலிருந்து வரும் முதல் தண்ணீர் ஒரு போத்தல், நன்றாக ஓடவிட்ட பிறகு இன்னொரு போத்தல். முதலாவதில் மட்டும் கூடுதலாக இருந்தால் டெப்பையும் அதன் அருகிலுள்ள பொருத்துகளையும் பாருங்கள், இரண்டிலும் இருந்தால் அதற்கு அப்பாலுள்ள குழாயைத் தேட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் வைத்த வழிகாட்டு அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம், அதற்குக் கீழே என்றால் பயமில்லை என்றும் அவர்கள் சொல்லவில்லை.

அம்பத்தளையில் சுத்திகரித்து அனுப்பும் தண்ணீர் எங்கள் சுவருக்குள் புகுந்த பிறகு அதை யார் பார்ப்பது? பழைய வீடுகளின் டெப் தண்ணீரையும் நீர் வழங்கல் சபை பரிசோதிக்க வேண்டும், விற்கும் பித்தளை டெப்பில் எவ்வளவு காரீயம் என்று பெட்டியிலேயே அச்சிட வைக்க வேண்டும்.

எங்கள் இரண்டு போத்தல்களையும் கொடுத்துவிட்டோம். பேத்தியின் இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.

ஓர் அம்மம்மா,
கொழும்பு 13